ஒரே பாதை, நான்கு உடல்கள்

பெங்களூரில் வீடியோ கேம் பற்றிய பேச்சு பெரும்பாலும் மூன்று இடங்களில் நடக்கிறது. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் அது நோய். தொழில்நுட்பத்தை அளவோடு கையாளப் பழக்கும் ‘ஷட்’ என்ற சிகிச்சைப் பிரிவு அங்கே 2014-ல் தொடங்கப்பட்டது. விதான சௌதாவிலும், அதற்கு எதிரே சிவப்புக் கட்டடத்தில் இயங்கும் உயர் நீதிமன்றத்திலும் அது சூது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2021-ல் கர்நாடகக் காவல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை 2022 பிப்ரவரி 14 அன்று நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்றாவது இடமான அரசின் கொள்கை ஆவணங்களில் அது தொழில். அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங் ஆகியவற்றுக்கென்று கர்நாடகம் 2012-லேயே தனிக் கொள்கை வகுத்தது. 2024-ல் அதன் மூன்றாவது வடிவம் வந்தது. எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எத்தனை வேலைவாய்ப்பு என்று மூன்று இடங்களிலும் கணக்கு கேட்கிறார்கள். ஆட்டத்துக்கு முடிவு உண்டா, ஆடும் பாத்திரத்தை மாற்றினால் ஆட்டமும் மாறுமா என்று கேட்பவர்கள் குறைவு. இவ்விரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் வைத்திருப்பது, பலர் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கிவிடும் ஒரு வகை: கையடக்கக் கருவியில் ஆடும், தளம் விட்டுத் தளம் தாவிக் கடக்கும் பிளாட்ஃபார்ம் கேம். அதை ஒரு பாத்திரத்தால் முடித்துவிட்டு, மறுபடி வேறொரு பாத்திரத்தால் முதலிலிருந்து கடைசிவரை முடிப்பது வெட்டி வேலை போலத் தோன்றும். அதை நுட்பமான வாசிப்பு என்று கொள்ள முடியும், சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகள் எவை என்று பார்த்தால், நோய், சூது, தொழில் என்ற மூன்று பேச்சிலும் எங்கே கோடு போட வேண்டும் என்பதும் தெரியவரும்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு ஆட்டத்தை நெருங்கிப் பார்க்கலாம். சேகா நிறுவனத்துக்காக டிம்ப்ஸ் உருவாக்கிய ‘சோனிக் அட்வான்ஸ்’ 2001 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கான ஆட்டம் அது. குறுக்கே 240, நெடுக்கே 160 புள்ளிகள் மட்டுமே கொண்ட திரை. பாத்திரங்கள் நான்கு. சோனிக் என்ற நீல முள்ளெலி ஓடும், சுருண்டு உருளும். டெயில்ஸ் என்ற நரி இரட்டை வாலைச் சுழற்றிச் சிறிது நேரம் பறக்கும். நக்கிள்ஸ் காற்றில் வழுக்கிச் சென்று சுவரைப் பற்றி ஏறும். எமி கையில் சுத்தியல். எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் பச்சைக் குன்று, ரகசியத் தளம், சூதாட்ட மாளிகை, பனிமலை என்று அதே இடங்கள்தான், அதே வரிசையில் வருகின்றன. நால்வரையும் கொண்டு ஆட்டத்தை முடித்து, மறைவிடங்கள் வழியே போய் ஏழு மரகதங்களையும் சேர்த்தால்தான் நிலவில் நடக்கும் கடைசிச் சண்டை திறக்கும். ஒருவரோடு நிறுத்திக்கொண்டவருக்கும் ஒரு முடிவு காட்டப்படும். ஆனால் உண்மையான முடிவு நான்கு முடிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

நால்வரில் எமியை வைத்துப் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும். சோனிக்கை ஆடுபவர் முதல் சில நிமிடங்களிலேயே ஒரு பழக்கத்துக்கு வந்துவிடுகிறார்: சரிவைக் கண்டால் கீழ்ப் பொத்தானை அழுத்துவது, பந்தாகச் சுருண்டு உருளுவது, வழியில் நிற்கும் இயந்திர எதிரிகளை நிற்காமலே நொறுக்கிப் போவது. குதித்தாலும் உடல் சுழலும், அந்தச் சுழற்சியே ஆயுதம். எமியால் உருள முடியாது. அவள் சாதாரணமாகக் குதித்து எதிரியின் மேல் விழுந்தால் அடிபடுவது அவள்தான். ஆகவே சோனிக் பார்க்காமலே தாண்டிப் போன எதிரிகள் ஒவ்வொருவரின் முன்னாலும் எமி நின்று, தூரம் பார்த்து, சுத்தியலை ஓங்க வேண்டியிருக்கிறது. சரிவின் அடியில் ஏன் ஒரு எதிரியை வைத்தார்கள், இரண்டு முள்வரிசைகளுக்கு நடுவில் ஏன் அவ்வளவு இடம் விட்டார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படுகிறது. நக்கிள்ஸை எடுத்தால் இதற்கு நேர்மாறு. சோனிக்குக்குப் பாதையின் முடிவாக இருந்த செங்குத்துச் சுவர் இவனுக்கு ஏணி. மேலே ஏறினால் அங்கே இன்னொரு தளம், அதில் வளையங்கள், அங்கிருந்து வேறொரு இறக்கம். வடிவமைத்தவர்கள் அந்த மேல்தளத்தை முதல் நாளே வரைந்துவைத்திருக்கிறார்கள். சோனிக்கோடு நிறுத்தியவர்கள் அதன் கீழாக ஓடிக் கடந்துவிட்டார்கள்.

உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1979-ல் வெளியிட்ட காட்சிப் புலனறிவு பற்றிய நூலில் வற்புறுத்திய கருத்து இங்கே கைகொடுக்கிறது. ஒரு பரப்பு உயிருக்கு என்ன செய்ய இடம் தருகிறது என்பது பரப்பில் மட்டும் இல்லை, அந்த உயிரின் உடலில் மட்டும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. முழங்கால் உயரத் திண்ணை பெரியவருக்கு இருக்கை, தவழும் குழந்தைக்குச் சுவர். சிக்பேட்டைச் சந்தில் துணி மூட்டையைத் தலையில் சுமந்து போகிறவரும், ஸ்கூட்டரில் நுழைகிறவரும், கல்யாணப் புடவை பார்க்க வந்தவரும் மூன்று வேறு தெருக்களில் நடக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. பிளாட்ஃபார்ம் கேம் இந்த உறவை மட்டுமே மூலப்பொருளாகக் கொண்ட கலை. கதை பெயரளவுக்குத்தான்; வசனம் கிட்டத்தட்ட இல்லை. பள்ளத்தின் அகலமும் குதிக்கும் தூரமும், சுவரின் உயரமும் ஏறும் திறனும் சேர்ந்துதான் அதன் பொருள் பிறக்கிறது. ஆகவே உடல் மாறினால் பொருளும் மாறத்தான் வேண்டும். ஒரே நாவலை இரண்டாம் முறை படிக்கும்போது வாசகர்தான் மாறியிருப்பார், பிரதி மாறியிருக்காது. இங்கே பாத்திரத்தை மாற்றியதும், வரைபடத்தில் ஒரு புள்ளியும் நகராமலே பிரதியும் மாறிவிடுகிறது.

இந்த வகை ஆட்டம் ஒரே நாளில் இப்படி ஆகிவிடவில்லை. 1985-ன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இரண்டாம் ஆட்டக்காரருக்கான லூய்ஜி, நிறம் மாற்றிய மாரியோ மட்டுமே. தனி உருவம் வரைய இடமில்லை, தனித் திறமைக்கோ எண்ணமே இல்லை. அடுத்த ஆண்டு ஜப்பானில் வந்த தொடர்ச்சியில்தான் லூய்ஜி அதிக உயரம் குதித்தான், நிற்கும்போது சறுக்கினான். 1987-ல் ஃபுஜி தொலைக்காட்சியின் விழாவையொட்டி நின்டெண்டோ செய்த ‘டோகி டோகி பேனிக்’ ஆட்டத்தில் அப்பா, அம்மா, பையன், பெண் என்று ஒரு குடும்பமே ஆடியது. நால்வரையும் கொண்டு எல்லாக் கட்டங்களையும் முடித்தால்தான் அதன் முழு முடிவு கிடைத்தது. அப்படிக் கேட்க முடிந்ததற்குக் காரணம், அது அழித்தெழுதக்கூடிய வட்டில் வந்த ஆட்டம். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வட்டு நினைவில் வைத்துக்கொண்டது. அதே ஆட்டத்தைப் பாத்திரங்களை மாற்றி 1988-ல் அமெரிக்காவுக்கு ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ என்று அனுப்பியபோது அது சேமிப்பு வசதியில்லாத கார்ட்ரிட்ஜ் ஆகிவிட்டது. நால்வரில் யாரை வேண்டுமானாலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம், ஒருமுறை முடித்தால் போதும் என்று நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள். முழுமை என்ற கோரிக்கை ஆடுபவரின் பொறுமையை மட்டும் நம்பியதில்லை, இயந்திரத்தின் ஞாபகசக்தியையும் நம்பியது. 2001-ல் கேம் பாய் அட்வான்ஸ் வந்தபோது சேமிப்பு கையடக்கத்துக்குள் சாதாரணமாகிவிட்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதே கருவிக்குத் திரும்பிவந்த ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’, 1990-ன் மூலத்தில் வெறும் பச்சைச் சட்டைக்காரனாக இருந்த லூய்ஜிக்கு உயரக் குதிக்கும் தனி உடலையே கொடுத்தது.

இந்த வரலாறு நம் பக்கத்தில் வேறு மாதிரி நடந்தது. தொண்ணூறுகளில் இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு வந்தது நின்டெண்டோவின் கருவி இல்லை, அதன் நகல்கள். மெஜஸ்டிக் பக்கம் காந்திநகரின் நேஷனல் மார்க்கெட்டிலும், சென்னையில் பர்மா பஜாரிலும், ரிச்சி தெருவிலும் கிடைத்த கார்ட்ரிட்ஜுகளின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது ஒரு கைப்பிடி ஆட்டங்கள். அவையே தொடங்கும் கட்டத்தையும் உயிர்களின் எண்ணிக்கையையும் மாற்றி, பெயரைத் திரித்து, பட்டியலில் மறுபடி மறுபடி வரும். எண்ணிக்கையால் செழிப்பு காட்டும் இந்தத் தந்திரத்துக்கும் நான்கு பாத்திரங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் மையம். அங்கே பெயர் மாறியது, உறவு மாறவில்லை. சேமிப்பும் கிடையாது. பள்ளி விட்டு வந்து இரவுச் சாப்பாட்டுக்குள், மின்சாரம் போகாமல் இருந்தால், ஒரே அமர்வில் எட்டிய தூரம்தான் கணக்கு. முழுமை என்பதே நம் ஆட்டக்காரர்களுக்கு எட்டாத ஆடம்பரமாக இருந்தது.

கேம் பாய் அட்வான்ஸும் இங்கே வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பொருளாகத்தான் பெரும்பாலும் இருந்தது. மக்களின் கையடக்கக் கருவி நோக்கியா கைபேசி. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் அதைத் தமிழ்த் தொழிலாளர்களே கோடிக்கணக்கில் செய்து அனுப்பினார்கள். வண்ணத்திரைக் கைபேசிகள் பலவற்றில் கூடவே வந்த ‘பௌன்ஸ்’ இந்த விவாதத்துக்குப் பொருத்தமான சான்று. சிவப்புப் பந்து ஒன்று, பதினொரு கட்டங்கள். ஒரு கட்டத்திலுள்ள எல்லா வளையங்களுக்குள்ளும் பந்து நுழைந்தால்தான் வாசல் திறக்கும். முழுமையை விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்கிய ஆட்டம். நான்கு பாத்திரங்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் காற்றேற்றும் இடத்தில் பந்து பெரிதாகும், மற்றோர் இடத்தில் சிறிதாகும். பெரிய பந்து தண்ணீரில் மிதக்கும், குறுகிய வழிகளில் நுழையாது. சிறிய பந்து மூழ்கும், சந்துகளில் புகும். தண்ணீருக்கு அடியில் ஒரு வளையம், மேலே ஒரு வளையம் என்று வைத்தால் ஆடுபவர் அதே குளத்தை இரண்டு உடல்களால் படித்தாக வேண்டும். 2008-ல் ரோவியோ செய்த ‘பௌன்ஸ் டேல்ஸ்’ இதையே விரித்து, கனமான கல்பந்து, இலேசான கடற்கரைப் பந்து என்று உருவங்களைக் கூட்டியது. பெருமைக்குரிய கருவிகளில் ஆடிப் பழகியவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. வடிவமைப்பின் சிக்கனத்தில் இது சோனிக்குக்குச் சற்றும் குறைந்ததில்லை என்பதே என் கணிப்பு.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, இதெல்லாம் சரக்கு போதாததை மறைக்கும் ஏற்பாடு என்பது. ஒருமுறை செய்த கட்டங்களை நான்குமுறை ஆடச் சொன்னால் பெட்டியில் ஆட்டம் நான்கு மடங்கு நீளம் என்று விளம்பரம் செய்யலாம். மறுப்பில் உண்மை உண்டு. சோனிக் அட்வான்ஸிலேயே கட்டத்தின் கடைசியில் வரும் வில்லன் எக்மேனின் இயந்திரங்கள் நால்வருக்கும் அவையேதான். டெயில்ஸ் பறந்து கடக்கும் பகுதிகள் சிலவற்றில் பறப்பது புதிய வழி எதையும் காட்டுவதில்லை, சிரமத்தை அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். நாலாவது முறை அந்த இடங்களில் ஆடுபவர் கொட்டாவி விட்டால் குற்றம் அவருடையதில்லை. ஆனால் சிக்கனம் காரணமாகப் பிறந்தது என்பதால் ஒரு வடிவம் தாழ்ந்துவிடாது. தெருக்கூத்தில் ஒரே கலைஞர் இரண்டு வேடம் கட்டுவதும் ஆள் பற்றாக்குறையில் தொடங்கியிருக்கலாம். பார்க்க வேண்டியது, அந்தக் கட்டாயத்தை வடிவமைத்தவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பது. எமி நடக்கும் பாதை அந்தத் தேர்வில் தேறுகிறது. டெயில்ஸ் பறக்கும் பகுதிகள் பல தேறவில்லை. ஆட்டத்தைப் பொத்தாம்பொதுவாகப் புகழாமல், எந்த உடல் எந்த இடத்தில் புதிதாக ஏதாவது காட்டியது என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் விமர்சனம் சாத்தியம் என்பதற்கு இதுவே சான்று. அந்த விமர்சனத்தை எழுதத் தகுதி, நான்கையும் முடித்தவருக்குத்தான் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. நூறு சதவீதம் என்ற எண்ணைத் துரத்துவது வாசிப்பு இல்லை, பீடிப்பு என்பார்கள். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 சாதனைப் புள்ளிகளைக் கொண்டுவந்தது, 2008-ல் பிளேஸ்டேஷன் 3 கோப்பைகளைக் கொண்டுவந்தது. அன்று முதல் முழுமை என்பது அடுத்தவருக்குக் காட்டும் பதக்கமாகிவிட்டதை மறுக்க முடியாது. எண் ஆடுபவரை ஆட்டுவிக்கும் தருணங்களும் உண்டு. ஆனால் எண்ணையும் முழுமையையும் ஒன்றாக்கக் கூடாது. சூப்பர் மாரியோ வேர்ல்டில் 96 வெளியேறும் வழிகள். அத்தனையும் கண்டால் சேமிப்புப் பட்டியலில் 96 என்று நிற்கும். அதையெல்லாம் மாரியோவால் கண்டுவிட்டு, மறுபடி லூய்ஜியால் எல்லாக் கட்டங்களையும் ஆடுபவருக்கு அந்த எண் 97 ஆகாது. எண்ணே கிடைக்காத இடத்திலும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களை எண் மட்டும் இழுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாடும் ஆடும் நேரத்தை வைத்து நோயை வரையறுக்கவில்லை. கட்டுப்பாடு இழப்பது, மற்ற வேலைகளையெல்லாம் பின்தள்ளி ஆட்டம் முன்னால் வருவது, கெடுதல் கண்டும் தொடர்வது, அதுவும் பொதுவாக 12 மாதம் நீடிப்பது என்பவையே அதன் அளவுகோல். நான்கு முறை ஆடினாலும் கடைசிச் சண்டைக்குப் பின் சோனிக் அட்வான்ஸில் போக வேறு இடமில்லை. பெயர்கள் திரையில் ஓடி முடிகின்றன. முடிகிற ஆட்டத்திலும் ஒருவர் சிக்கிக்கொள்ளலாம். ஆனால் நிறுத்த ஓர் இடத்தை அந்த ஆட்டமே காட்டுகிறது.

முடிவில்லாத ஆட்டம் அப்படிக் காட்டுவதில்லை. 2011-ல் ‘டெம்பிள் ரன்’, 2012-ல் ‘சப்வே சர்ஃபர்ஸ்’ வந்தன. பெங்களூர் மெட்ரோவில் கைபேசியைச் சாய்த்தும் தேய்த்தும் ஆடுபவர்கள் இவற்றின் வழியே ஓடும் ஆட்டத்துக்கு அறிமுகமானவர்கள். மேலோட்டப் பார்வைக்கு இவை பிளாட்ஃபார்ம் கேமின் பிள்ளைகள்: ஓட்டம், தாவல், நாணயம். ஆனால் பாதைக்குக் கடைசி கிடையாது, விழும்வரை ஓட்டம். சப்வே சர்ஃபர்ஸில் பாத்திரங்கள் ஏராளம். நாணயம் சேர்த்தோ பணம் கொடுத்தோ ஒவ்வொருவராகத் திறக்கலாம். திறந்தபின் எல்லோரும் ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள், ஒரே உயரம் தாவுகிறார்கள். சட்டை மட்டும் வேறு. 1985-ன் லூய்ஜி இடமில்லாமல் நிறம் மாறினான். இங்கே நிறமே விற்பனைச் சரக்கு. பாத்திரத்தை மாற்றினால் பாதையில் எதுவும் மாறாதபோது, எல்லாப் பாத்திரங்களையும் சேர்ப்பது உண்மையிலேயே வெறும் சேகரிப்பு. பிளாட்ஃபார்ம் கேமைப் பார்த்துச் சொல்லப்படும் இரண்டாவது மறுப்பு, முழுப் பலத்தோடு பொருந்துவது இங்கேதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் மின்விளையாட்டு, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என்று பிரித்து மூன்றாவதைத் தடைசெய்தது. பந்தயப் பணத்தை வைத்துக் கோடு போட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் முடிவுள்ளதும் முடிவற்றதும், உடல் மாறுவதும் சட்டை மாறுவதும் ஒரே கூடையில் கிடக்கின்றன. ஒரு பிள்ளையின் மாலைப்பொழுதைப் பற்றி யோசிக்கும் பெற்றோருக்கு இவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் அதிகம் உதவும்.

பெங்களூரின் தொழில்துறைக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. ராஜேஷ் ராவ் 1997-ல் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ் இந்தியாவின் மூத்த கேம் நிறுவனங்களில் ஒன்று. வெளிநாட்டு ஆட்டங்களுக்கான வாகனங்கள், உருவங்கள், சூழல்கள் ஆகியவற்றைச் செய்து கொடுப்பதில் அது பெயர் பெற்றது. 2019-ல் ராக்ஸ்டார் கேம்ஸ் அதை வாங்கித் தன் பெங்களூர் நிறுவனத்தோடு சேர்த்துக்கொண்டது. நகரத்தின் கேம் தொழில் பெருமளவு வளர்ந்தது இந்த வழியில்தான்: பாத்திரத்தின் தோல், உடை, முகம் இங்கே வரையப்படும், அந்தப் பாத்திரம் எவ்வளவு உயரம் குதிக்கும் என்பது வேறெங்கோ முடிவாகும். நுட்பமான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் குதிக்கும் உயரத்தையும் பள்ளத்தின் அகலத்தையும் ஒன்றோடொன்று பொருத்தும் வேலை அதற்குள் வருவதில்லை, அதைப் பழகாமலே கால் நூற்றாண்டு தொழில் செய்ய முடிந்திருக்கிறது. கொள்கை ஆவணங்கள் பயிற்சி மையங்களையும் வேலைவாய்ப்பையும் பேசுகின்றன. ஒரு பயிற்சி மையத்தின் முதல் பருவத்தில் மாணவர்களிடம் சோனிக் அட்வான்ஸையோ பௌன்ஸையோ கொடுத்து, எல்லா உடல்களாலும் முடித்துவிட்டு எந்தச் சுவர் யாருக்காக வைக்கப்பட்டது என்று எழுதித் தரச் சொன்னால் பெரிய செலவில்லை. அடுத்த பருவத்தில் ஒரே திரை அகலத்துக்கு ஒரு கட்டம் வரையச் சொல்லலாம். இரண்டு பாத்திரங்கள் அதைக் கடக்க வேண்டும், இருவருக்கும் அது வேறு வேறு கட்டமாக இருக்க வேண்டும், உடையில் ஒரு நிறமும் மாறக் கூடாது.